4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ரீபில்டு: தினசரி ஓட்டத்துக்கு எந்த பார்ட்ஸ் புதிதாக வேண்டும், எதில் பழையதே போதும்?

மூணாங்கியர்:

வணக்கம். 2002 மாடல், 5.3 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை. கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60இ, பெல் ஹவுசிங் தனியாகக் கழலும் வகை, 300 மி.மீ. கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே பாக்ஸுக்குக் கடத்தும் பாத்திரம்). ஓட்டம் 2,40,000 கி.மீ. பாக்ஸை இறக்கி முழுவதும் பிரித்தாகிவிட்டது.

இறக்கும் முன் இருந்த கோளாறு: குளிர்ந்திருக்கும்போது பரவாயில்லை. சூடேறியதும் 2-லிருந்து 3-க்குப் போகையில் ஆர்பிஎம் ஏறும், வண்டி நகராது. ஒரே வேகத்தில் ஓட்டும்போது ஆர்பிஎம் முள் 100, 150 ஏறி இறங்கும். ஸ்கேனரில் பி1870 (பாக்ஸுக்குள் வழுக்கல் என்ற பிழைக் கோடு). அந்தக் கோடு வந்த பிறகு 1-லிருந்து 2 பலமாக உதைக்கும்.

பிரித்துப் பார்த்ததில் 3, 4 கியர்களைப் பிடிக்கும் 3-4 கிளட்ச் முழுக்கக் கரி. ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள், இரண்டு நெளிந்திருக்கின்றன. ஃபார்வர்டு கிளட்ச் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. 2-4 பேண்டில் (2, 4 கியர்களுக்கு டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) லைனிங் மிச்சம் உண்டு, ரிவர்ஸ் டிரம்மில் கோடு இல்லை. சன் ஷெல்லில் (நடுக் கியரைச் சுழற்றும் கிண்ணம் போன்ற பாகம்) விரிசல் தெரியவில்லை. ஆயில் பேனில் கருப்புச் சேறும் பித்தளை நிறத்தில் கொஞ்சம் துகளும்.

வண்டி வேலைக்குப் போய்வரவும் குடும்பத்தோடு வெளியே போகவும் மட்டும்தான். டிரெய்லர் கிடையாது, ரேஸ் கிடையாது. கியர் மாறுவது குழந்தை தூங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தால் போதும், ஆனால் இன்னொரு முறை இறக்கக் கூடாது.

8 ஃப்ரிக்‌ஷன் (லைனிங் ஒட்டிய பிளேட்) வரும் 3-4 செட், கார்வெட் சர்வோ (பேண்டை இறுக்கும் பிஸ்டன் செட்), ஷிஃப்ட் கிட் (கியர் மாறும் விதத்தை மாற்றும் சாமான்கள்), 5 பினியன் பிளானட் கியர், கெட்டிப்படுத்திய சன் ஷெல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதில் எது அவசியம், எது வீண்? கன்வர்ட்டரைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா?

பல்சக்கரம்:

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்த 3-4 ஏன் கரிந்தது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எந்த செட் வாங்கிப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடியும் கரியும். கிளட்ச் வெறும் தேய்மானத்தில் இப்படிக் கருக்காது. பிரஷர் போதாமல் வழுக்கினால்தான் கருக்கும். அந்த பிரஷர் எங்கே ஒழுகுகிறது என்பதுதான் இந்த ரீபில்டின் பாதி வேலை.

3-4-க்குப் போகும் ஆயில் வால்வு பாடியில் (ஆயிலைக் கியருக்கு ஏற்பப் பிரித்தனுப்பும் பகுதி) கிளம்பி, கேஸ் வழியாக பம்பின் ஸ்டேட்டர் சப்போர்ட்டுக்கு வந்து, இன்புட் ஷாஃப்ட்டில் உள்ள 4 டெஃப்லான் ரிங்குகளுக்கு இடையில் புகுந்து, டிரம்முக்குள் இறங்கி, பிஸ்டனைத் தள்ளுகிறது. அதே ஆயிலின் ஒரு கிளை சர்வோவுக்குப் போய் 2-4 பேண்டை விடுவிக்கிறது. சர்வோ பக்கம் ஒழுகினால் இரண்டு பாதிப்பு: 3-4-க்குப் பிரஷர் குறையும், பேண்டும் முழுதாக விடாமல் உரசும். 3-4-ஐ மட்டும் பார்த்துவிட்டுச் சர்வோவைத் துடைத்து மாட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டேட்டர் சப்போர்ட்டின் உள்துளையில் அந்த 4 ரிங்குகள் ஓடும் இடத்தில் விரல் நகத்தை நீளவாட்டில் இழுங்கள். நகம் தடுக்கினால் சப்போர்ட்டை மாற்ற வேண்டும், புது ரிங் அங்கே நிற்காது. அடுத்தது இன்புட் டிரம்மில் இருக்கும் சிறிய செக்பால் கேப்ஸ்யூல் (உள்ளே ஒரு குண்டு உள்ள ஒருவழி அடைப்பான்). பால் ஆட வேண்டும், காற்று கொடுத்தால் உட்கார்ந்து அடைக்க வேண்டும். சீறினால் கேப்ஸ்யூலை மாற்றுங்கள். மூன்றாவது, பலருக்கும் கண்ணில் படாதது: சர்வோ குழிக்குள் எட்டும் இடத்தில் கேஸிலேயே அழுத்தி வைத்திருக்கும் மூன்றாம் அக்யூமுலேட்டர் செக்பால் கேப்ஸ்யூல். 2,40,000 கி.மீ. ஓடிய கேஸில் அதைச் சோதிக்காமல் மூடாதீர்கள். சின்னச் சாமான்தான், ஆனால் அது ஒழுகினால் சூடேறியதும் 3 பிடிக்காது. உங்கள் வண்டியின் அறிகுறியும் அதுவே.

பி1870 தனிக் கதை. வால்வு பாடியில் கன்வர்ட்டர் கிளட்ச் ரெகுலேட்டர் வால்வு ஓடும் போர் (துளை) தேய்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அந்த வால்வு ஓயாமல் துடித்துக்கொண்டே இருப்பது. வால்வு கெட்டி, பாடி அலுமினியம், அதனால் பாடிதான் முட்டை வடிவில் தேய்கிறது. கன்வர்ட்டர் கிளட்ச் வழுக்குவதைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டதும் லைன் பிரஷரை (பாக்ஸின் முதன்மை ஆயில் பிரஷர்) உச்சத்துக்கு ஏற்றிவிடும். நீங்கள் பார்த்த 1-2 உதை அதனால் வந்தது. கியர் பிடிப்பதை மென்மையாக்கும் அக்யூமுலேட்டரையும் பேண்டையும் அதற்காகச் சந்தேகிக்க வேண்டாம்.

இதே வால்வு பாடியில் சோலினாய்டுகளுக்கு ஆயில் கொடுக்கும் ஆக்சுவேட்டர் ஃபீட் லிமிட் வால்வும் தேயும். அது ஒழுகினால் லைன் பிரஷரை ஆளும் ஈபிசி சோலினாய்டுக்கே போதிய ஆயில் போகாது, லைன் பிரஷர் தாழ்ந்து கிளட்ச் மெதுவாக வேகும். வேக்யூம் டெஸ்ட் செய்ய வசதி இருந்தால் ஒவ்வொரு போரையும் சோதியுங்கள். 18 அங்குலப் பாதரச வேக்யூமுக்குக் கீழே முள் நின்றால் அந்தப் போர் தேறாது. ரீமர் போட்டுப் பெரிய வால்வு இறக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால், இந்த இரண்டு போரும் சரிசெய்து சோதித்த வால்வு பாடியாக வாங்கிவிடுங்கள். 5 பினியன் பிளானட்டுக்கு வைத்திருந்த பணம் இங்கே வரட்டும். 5.3 எஞ்சினுக்கு, டிரெய்லர் இழுக்காத வண்டிக்கு, கம்பெனி போட்ட 4 பினியனே போதும். பினியன்களின் ஆட்டத்தை மட்டும் பார்த்து, வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

கட்டாயம் புதிதாக வேண்டியவை: எல்லா ஃப்ரிக்‌ஷனும் எல்லா ஸ்டீலும் (ஃபார்வர்டு நன்றாகத் தெரிந்தாலும்), பேண்டு, மோல்டட் பிஸ்டன்கள், புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) செட் முழுதும், ஈபிசி சோலினாய்டு, 1-2 ஷிஃப்ட், 2-3 ஷிஃப்ட் சோலினாய்டுகள், கன்வர்ட்டர் கிளட்ச் சோலினாய்டோடு சேர்ந்தே வரும் உள் வயரிங், பிரஷர் ஸ்விட்ச் அசெம்ப்ளி, பூஸ்ட் வால்வும் அதன் ஸ்லீவும், ஃபில்டர். பேனில் கண்ட பித்தளை நிறத் துகள் ஏதோ ஒரு புஷ்ஷிலிருந்து வந்தது. ரிவர்ஸ் டிரம் புஷ்ஷையும் ஸ்டேட்டர் புஷ்களையும் முதலில் பாருங்கள்.

சன் ஷெல் விரிசல் இல்லாமல் இருந்தாலும் மாற்றுங்கள். பழைய வகை ஷெல்லின் கழுத்து முன்னறிவிப்பு இல்லாமல் அறுகிறது, அல்லது உள் ஸ்ப்ளைன் வழித்துக்கொள்கிறது. அறுந்தால் 1, 3 இருக்கும். 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நொடியில் போகும். இந்த ஒரு சாமானுக்காக மறுபடி பாக்ஸை இறக்குவதுதான் மிக வேதனையானது. கெட்டிப்படுத்திய ஷெல் வாங்குங்கள். சில வகைகளில் வாஷருக்குப் பதில் பேரிங் வரும். அப்படியானால் அதோடு வரும் அறிவுறுத்தலில் எந்தப் பழைய வாஷரை நீக்கச் சொல்கிறார்களோ அதை நீக்குங்கள். இரண்டையும் போட்டால் உள்ளே இறுக்கிப் பிடிக்கும்.

இருசாணி:

பல்சக்கரம் அண்ணன் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. 8 ஃப்ரிக்‌ஷன் பற்றி அவர் தொடாததால் நான் சொல்கிறேன்: தினசரி வண்டிக்கு வேண்டாம்.

டிரம்முக்குள் இருக்கும் இடம் மாறப்போவதில்லை. 6 இருந்த இடத்தில் 8 நுழைய வேண்டுமானால் ஸ்டீல்கள் மெலிந்தாக வேண்டும். கிளட்ச் பிடிக்கும்போது வரும் சூட்டை உறிஞ்சுவது ஸ்டீல்தான், ஃப்ரிக்‌ஷன் லைனிங் அல்ல. காகிதம் போன்ற ஸ்டீலில் சூடு தங்க இடமில்லை, சட்டென்று நீலமாகி நெளியும், நெளிந்த ஸ்டீல் பக்கத்து லைனிங்கைச் சுரண்டும். பிடிக்கும் திறன் பேப்பரில் கூடும், ஆயுள் குறையும். நடுத்தரத் திராட்டிலில் ஒரு நாளைக்கு நூறு முறை 2-3 மாறும் வண்டிக்குக் கெட்டியான ஸ்டீலும் 6 நல்ல ஃப்ரிக்‌ஷனும் போதும். 7 என்றால் கூட ஸ்டீல் தடிமனைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரேபெஸ்டாஸின் இஸட்-பேக் போல ஒருபக்க லைனிங் வகை வேறு தத்துவம். ஒவ்வொரு பிளேட்டும் ஒரு பக்கம் லைனிங், மறுபக்கம் ஸ்டீல், ஆகவே சூட்டை வாங்கும் எடை கூடுகிறது. டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. உங்களுக்குத் தேவைப்படாது. போர்க்வார்னரின் பழுப்பு நிற ஃப்ரிக்‌ஷன், அல்லது அதே தரத்தில் கம்பெனி வகை எதுவானாலும் சரி. பந்தயத்துக்கான நிற லைனிங்குகள் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். குழந்தை தூங்க வேண்டும் என்கிறீர்கள், அதற்கும் அதற்கும் ஒத்துவராது.

3-4 பேக்கின் சுற்றளவில் வரும் 5 சிறு ரிலீஸ் ஸ்பிரிங் அசெம்ப்ளிகளைச் சிலர் "எதற்கு இது" என்று தூக்கிப் போடுவார்கள். செய்யாதீர்கள். கிளட்ச் விட்டிருக்கும்போதும் டிரம் சுழல்கிறது, பிஸ்டன் பின்னால் மிச்சமிருக்கும் ஆயில் சுழற்சியில் பிஸ்டனைத் தள்ளப் பார்க்கும். அதை எதிர்த்து பேக்கைத் திறந்து வைப்பது இந்த ஸ்பிரிங்குகள்தான். பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பாருங்கள், உயரம் குறைந்தது எதுவோ அது சூட்டில் உட்கார்ந்துவிட்டது. மொத்தமாகப் புதிதாகப் போடுங்கள்.

கார்வெட் சர்வோ: 2-ம் கியர் பிஸ்டனின் பரப்பு பெரிது, பேண்டு உறுதியாகப் பிடிக்கும், பேண்டு ஆயுளுக்கு நல்லது. ஆனால் 1-2 அக்யூமுலேட்டரின் பழைய பிளாஸ்டிக் பிஸ்டன் வெடித்திருந்தால் அல்லது அதன் ஹவுசிங் தேய்ந்திருந்தால் இந்தச் சர்வோ உதையாக மாறும். அக்யூமுலேட்டரில் அலுமினிய பிஸ்டன், புது ஸ்பிரிங், அதன் பிறகு சர்வோ. அந்த ஒழுங்கில் செய்தால் நான் ஆதரிக்கிறேன்.

மூணாங்கியர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன்:

டிரம் கேப்ஸ்யூல் சரியாக அடைக்கிறது. கேஸ் கேப்ஸ்யூல் காற்று கொடுத்தால் தெளிவாகச் சீறுகிறது. ஸ்டேட்டர் சப்போர்ட்டில் நகம் தடுக்கவில்லை. 1-2 அக்யூமுலேட்டர் பிஸ்டனில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

6 ஃப்ரிக்‌ஷன், கெட்டி ஸ்டீல் வைத்து 3-4-ஐ வெறுமனே அடுக்கி அளந்ததில் இடைவெளி 2.1 மி.மீ. வருகிறது. இது அதிகமா?

இன்னொன்று. பி1870-க்கு ரெகுலேட்டர் வால்வை அடைத்துவிட்டு கன்வர்ட்டர் கிளட்சை ஆன்/ஆஃப் ஆக்கிவிடலாம் என்று ஒரு ஷிஃப்ட் கிட்டில் இருக்கிறது. போரை ரீமர் செய்வதைவிட அது எளிதாகத் தெரிகிறதே?

செவ்வெண்ணெய்:

எளிதுதான், ஆனால் உங்கள் கன்வர்ட்டருக்கு அது சரியான மருந்தில்லை. 1998-க்குப் பிறகு வந்த 4எல்60இ-களில் கன்வர்ட்டர் கிளட்ச் முழுதாகப் பூட்டுவதே கிடையாது. ஏறக்குறைய 20 ஆர்பிஎம் வழுக்கலோடு கம்ப்யூட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வழுக்கலைத் தாங்கவே உள்ளே கார்பன் வகை லைனிங். வால்வை அடைத்தால் கிளட்ச் ஒரே அறையில் பூட்டும், ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ தட்டுவது போல இருக்கும். மென்மை வேண்டும் என்ற உங்கள் முதல் நிபந்தனையே அங்கே போய்விடும். போரைச் சரிசெய்து கம்பெனி நினைத்த மாதிரி ஓடவிடுங்கள்.

கன்வர்ட்டரைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். கூடாது. அது வெல்டு செய்து மூடிய பாத்திரம். கருகிய லைனிங் தூளும் புஷ் துகளும் துடுப்புகளின் மூலையில் சுழற்சியால் அழுந்திக் கிடக்கின்றன, எந்தக் கழுவலிலும் முழுதாக வராது. புது பாக்ஸ் ஓடத் தொடங்கியதும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இளகி நேராக வால்வு பாடிக்குப் போகும். மேலும் பி1870 வந்த வண்டியில் கன்வர்ட்டர் லைனிங் வழுக்கி வழுக்கி ஏற்கெனவே மெருகேறியிருக்கும். வெட்டித் திறந்து, லைனிங் மாற்றி, பேலன்ஸ் செய்து, ஒழுகல் சோதித்த ரீபில்டு கன்வர்ட்டர் வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: 300 மி.மீ., 30 ஸ்ப்ளைன் தானா. லைனிங் கார்பன் வகையா. ஸ்டால் (வண்டியை நகராமல் பிடித்திருக்கும்போது எஞ்சின் எட்டும் உச்ச ஆர்பிஎம்) கம்பெனி அளவா. உயர் ஸ்டால் கன்வர்ட்டர் இந்த வண்டிக்குத் தொல்லை. டிராஃபிக்கில் சூடு கூடும், எரிபொருள் கூடும், வேறொன்றும் கிடைக்காது.

கூலர் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய பாக்ஸின் சேறு அனைத்தும் கூலரில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரை ஆயில் போகும் திசைக்கு எதிராகக் கழுவி, காற்றில் ஊதி, மறுபடி நேர்திசையில் கழுவுங்கள். வெளியே தனி கூலர் இருந்து அது அடுக்குத் தட்டு வகையானால் கழுவிப் பயன் இல்லை, மாற்றுவதுதான் வழி. குழாய் வகையைக் கழுவலாம். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு திரும்பி வரும் லைனைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள். ஐடிலில் 20 வினாடியில் ஏறக்குறைய 1 லிட்டர் வர வேண்டும். நூலாக வந்தால் அடைப்பு இருக்கிறது, அதோடு ஓட்டாதீர்கள். அந்தக் கூலர் லைன் வழியாக வரும் ஆயில்தான் உள்ளே உள்ள புஷ்களையும் பிளானட்டையும் நனைக்கிறது. கூலர் அடைத்தால் சூடும் ஏறும், பாக்ஸின் பின்பக்கமும் வறண்டுபோகும்.

ஆயில் டெக்ஸ்ரான் 6. பழைய டெக்ஸ்ரான் 3-ஐத் தேடி அலைய வேண்டாம். 6 கொஞ்சம் மெல்லியது, ஆனால் அந்த மெல்லிய தன்மை நாள்பட மாறாமல் நிற்கிறது. 3 தொடக்கத்தில் கெட்டி, ஓட ஓட நீர்த்துவிடும். இரண்டையும் கலந்தால் கெடுதல் இல்லை, ஆனால் புது ரீபில்டில் கலப்பதற்குக் காரணமும் இல்லை.

பல்சக்கரம்:

கேஸ் கேப்ஸ்யூல் சீறுகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. நல்ல வேளை, மூடுவதற்கு முன் பார்த்தீர்கள். பழையதைப் பிடுங்கும்போது கேஸில் கீறல் விழாமல் எடுங்கள், புதியதைச் சாய்வில்லாமல் அழுத்துங்கள், மறுபடி காற்று கொடுத்து உறுதி செய்யுங்கள்.

2.1 மி.மீ. அதிகம். 6 ஃப்ரிக்‌ஷனுக்கு 1.0 முதல் 1.5 மி.மீ. வரை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஃப்ரிக்‌ஷனுக்கு 0.25-க்கு மேல் போக வேண்டாம் என்பது கணக்கு. இடைவெளி கூடினால் பிஸ்டன் நீண்ட தூரம் போக வேண்டும், அதற்குக் கூடுதல் ஆயில் நிரம்ப வேண்டும். அந்த இடைவேளையில் பேண்டு விட்டிருக்கும், கிளட்ச் இன்னும் பிடித்திருக்காது, எஞ்சின் எகிறும். ரொம்பக் குறைத்தாலும் ஆகாது. 1, 2, ரிவர்ஸில் இந்த பேக் விட்டிருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் அங்கேயே உரசிச் சூடாகும். தடிமனான பேக்கிங் பிளேட் ஒன்றை மாற்றினால் உங்கள் 2.1 உள்ளே வந்துவிடும். ஃப்ரிக்‌ஷனைச் சேர்த்து இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள்.

அளக்கும் முறை முக்கியம். உலர்ந்த புது ஃப்ரிக்‌ஷனை அடுக்கி ஃபீலர் கேஜ் விட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். ஏடிஎஃப்-இல் (கியர்பாக்ஸ் ஆயில்) குறைந்தது அரை மணி நேரம் ஊறவிட்டு, ஸ்நாப் ரிங் போட்டு, பேக்கை இரண்டு கையாலும் சமமாகத் தூக்கி, எதிரெதிர் இரண்டு இடத்தில் அளவெடுங்கள். இரண்டும் வேறுபட்டால் ஏதோ ஒரு பிளேட் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பேண்டையும் ஊறப்போட மறக்க வேண்டாம்.

இன்புட் ஷாஃப்ட்டில் வரும் 4 ரிங்குகளில் வெட்டில்லாத முழு டெஃப்லான் வகையானால் விரித்து ஏற்றிய பின் அளவுக்குச் சுருக்கும் வளையம் தேவை. அது இல்லாமல் கையால் தள்ளி பம்பை இறக்கினால் ரிங் மடிந்து அறுபடும், அந்த ஒழுகல் மீண்டும் 3-4-ஐத்தான் தின்னும். கருவி இல்லாதவர்களுக்குச் சாய்வு வெட்டு ரிங் நிம்மதி. ஒழுகல் மயிரிழை கூடுதல் என்று சொல்வார்கள், தினசரி ஓட்டத்தில் அது பொருட்டல்ல.

வால்வு பாடி போடும்போது செக்பால்களின் இடத்தை உங்கள் வருட மாடலுக்கான படத்தோடு ஒப்பிடுங்கள். பால் ஒன்று இடம் மாறினால் கிளட்ச் ஒன்று போகும். செப்பரேட்டர் பிளேட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பால் அடித்து அடித்துத் துளையின் விளிம்பு குழிந்திருக்கும், அந்தப் பிளேட்டும் புதிதாகத்தான் வேண்டும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 11 நியூட்டன் மீட்டர். கூடுதலாக இறுக்கினால் வால்வு பாடி வளைந்து, நன்றாக ஓடிய வால்வு சிக்கும்.

நீராவிக்குழாய்:

பம்ப் பக்கம் ஒரு வார்த்தை. இது வேன் வகைப் பம்ப், ரோட்டரின் இரு பக்கத்திலும் மெல்லிய வேன் ரிங் இருக்கும். பழைய ரிங் உடைந்தால் அந்த நொடியே பிரஷர் பூஜ்யம், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். கெட்டிப்படுத்திய ரிங் மலிவான சாமான், கட்டாயம் போடுங்கள். ரோட்டரையும் ஸ்லைடையும் பாருங்கள். ஓரத்தில் கோடு விழுந்திருந்தால் அதே தடிமனில் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பம்பின் இரு பாதிகளையும் சேர்க்கும்போது வெளிவட்டம் ஒரே மட்டத்தில் வர வேண்டும். கண் அளவில் சேர்த்து போல்டு இறுக்கினால் பம்ப் கேஸுக்குள் இறங்காது, அல்லது புஷ் ஒருபக்கமாகத் தேயும். வட்டத்தைச் சுற்றி அகலமான பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றை இறுக்கி, அதற்குப் பிறகு போல்டுகளை முறுக்குங்கள்.

பம்ப் ஏறியதும் இன்புட் ஷாஃப்ட் எண்ட் ப்ளே (முன்பின் ஆட்டம்): 0.13 முதல் 0.92 மி.மீ. வரை அனுமதி. நடுவில், 0.4, 0.5 என்று வந்தால் நல்லது. செலக்டிவ் வாஷரை மாற்றி இதைச் சரிசெய்யலாம். டயல் கேஜ் இல்லாமல் "கை அளவில் ஆட்டம் சரி" என்று மூடாதீர்கள், ஷெல்லும் பேரிங்கும் மாறிய பாக்ஸ் இது.

மூணாங்கியர்:

பேக்கிங் பிளேட் மாற்றியதும் 1.3 மி.மீ. வந்துவிட்டது. எண்ட் ப்ளே 0.45. கேப்ஸ்யூல், ஷெல், 1-2 அக்யூமுலேட்டர் அலுமினிய பிஸ்டன், பம்ப் ரிங் எல்லாம் போட்டாயிற்று. சோதித்த வால்வு பாடியும் கார்பன் லைனிங் கன்வர்ட்டரும் வாங்கியாயிற்று. கார்வெட் சர்வோவை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

ஷிஃப்ட் கிட்டில் வந்த கெட்டி பிரஷர் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கைப் போடலாமா? மாட்டிய பிறகு பிரஷர் எவ்வளவு இருந்தால் சரி?

பல்சக்கரம்:

அந்த ஸ்பிரிங் வேண்டாம். அது ஐடில் முதலே பிரஷரை ஏற்றிவிடும், பம்புக்குச் சுமை, ஆயிலுக்குச் சூடு, 1-2 கடினம். ஒழுகல்களை அடைத்தாயிற்று, கம்பெனி ஸ்பிரிங்கே போதும். பூஸ்ட் வால்வு புதிது போட்டிருக்கிறீர்கள், திராட்டில் அழுத்தும்போது வேண்டிய பிரஷரை அது கொடுக்கும்.

மாட்டிய பின் கேஜ் வைத்து ஆயில் சூடானதும் டி-யில் ஐடிலில் ஏறக்குறைய 60 பிஎஸ்ஐ, ஈபிசிக்கு மின்சாரம் இல்லாத நிலையில் 170 முதல் 190 வரை. சோலினாய்டுகளை மூடும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை பாருங்கள்: அறை வெப்பத்தில் ஈபிசி 3 முதல் 5 ஓம், ஷிஃப்ட் சோலினாய்டுகள் 19 முதல் 24 ஓம், கன்வர்ட்டர் கிளட்சின் பிடபிள்யூஎம் சோலினாய்டு 10 முதல் 11 ஓம்.

செவ்வெண்ணெய்:

கன்வர்ட்டரை ஏற்றும்போது பொறுமை. உள்ளே 1 லிட்டர் ஏடிஎஃப் ஊற்றிவிட்டு, சுழற்றிக்கொண்டே தள்ளினால் மூன்று தடவை "தொக்" என்று இறங்கும். மூன்றாவது தொக்கில்தான் பம்ப் ரோட்டரில் கோக்கிறது. பாக்ஸை எஞ்சினோடு சேர்த்த பிறகு, போல்டு மாட்டும் முன், கன்வர்ட்டரைக் கையால் சுற்ற முடிய வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் பெல் ஹவுசிங் போல்டை முறுக்கி இழுத்தால் புது பம்ப் ஸ்டார்ட் செய்யும் முன்னேயே உடைந்திருக்கும்.

மொத்தம் 10, 11 லிட்டர் பிடிக்கும். 6 ஊற்றி ஸ்டார்ட் செய்து, உடனே இன்னும் 2, பிறகு லீவரை எல்லா நிலைக்கும் மெதுவாகக் கொண்டுபோய்வந்து அளவு பாருங்கள். கடைசி அளவு ஆயில் 80, 90 டிகிரி வந்த பிறகு, பார்க்கில், எஞ்சின் ஓடும்போது.

ஓட்டும் முன் ஸ்கேனரில் பழைய ஷிஃப்ட் அடாப்ட் மதிப்புகளை அழித்துவிடுங்கள். வழுக்கிய கிளட்சுக்காகக் கம்ப்யூட்டர் கற்றுவைத்த கூடுதல் பிரஷர் அப்படியே இருந்தால் புது கிளட்ச் உதைக்கும், வேலையில் தப்பு என்று நினைத்துவிடுவீர்கள். முதல் சில நூறு கி.மீ. இலேசான, நடுத்தரத் திராட்டிலில் எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். 1,000 கி.மீ.-இல் பேனைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பூச்சு இயல்பு. பளபளக்கும் சீவல் இருந்தால் இங்கே படம் போடுங்கள்.